ரெட் கார்ப்பெட்டில் ஒரு கமென்ட்... ஏர்போர்ட் கவுன்ட்டரில் ஒரு வேலை! - ஹாலிவுட் தலைமுடிகளின் கதை

2022 ஆஸ்கர் விழா என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சிறந்த படம் எது என்று கேட்டால் நம்மில் பாதிப் பேர் கூகுளைத்தான் தட்டுவோம். ஆனால், அந்த 'பளார்' சத்தம் மட்டும் யாருக்கும் மறக்காது. மேடையில் நின்ற காமெடியன் கிரிஸ் ராக்கை, முன்வரிசையில் இருந்து எழுந்து போய் வில் ஸ்மித் அறைந்தாரே... அதே அறைதான்.

அடுத்த நாள் காலையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே இரண்டு கட்சி உருவாகிவிட்டது. "பொண்டாட்டியைச் சொன்னா சும்மா இருப்பானா?" என்றார் அம்மா. "அதுக்குன்னு அவ்ளோ பெரிய மேடையில போய் அடிக்கலாமா?" என்றார் அப்பா. ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் சித்தப்பா போட்ட மீம் வேறு. எல்லோரும் அறையைப் பற்றிப் பேசினோம். வில் ஸ்மித்துக்கு ஆஸ்கர் அகாடமி 10 ஆண்டுகள் தடை விதித்தது பற்றிப் பேசினோம். ஆனால், அந்த ஜோக் எதைப் பற்றியது?

தலைமுடியைப் பற்றியது. வில் ஸ்மித்தின் மனைவி ஜேடா பின்கெட் ஸ்மித் மொட்டைத் தலையுடன் வந்திருந்தார். 1997-ல் வந்த 'ஜி.ஐ. ஜேன்' படத்தில் டெமி மூர் மொட்டையடித்துக்கொண்டு ராணுவப் பயிற்சிக்குப் போவார். 'அதன் இரண்டாம் பாகத்துக்குக் காத்திருக்கிறேன்' என்ற மாதிரி கிரிஸ் ராக் கிண்டலடித்தார். ஜேடாவுக்கு முடி கொட்டும் 'அலோபீஷியா' பிரச்னை. 2018-லேயே அதை வெளிப்படையாகச் சொன்னவர் அவர்.

இதில் எனக்கு இன்னமும் புரியாத விஷயம் ஒன்று உண்டு. கறுப்பினப் பெண்களின் தலைமுடி பற்றி ஒரு முழு டாகுமென்டரியே எடுத்தவர் இதே கிரிஸ் ராக். 2009-ல் வந்த அந்தப் படத்தின் பெயர் 'குட் ஹேர்', அதாவது 'நல்ல முடி'. 'எனக்கு ஏன் நல்ல முடி இல்லை?' என்று அவருடைய மகள் கேட்ட கேள்விதான் அந்தப் படத்துக்கே காரணம் என்று சொல்லியிருக்கிறார். முடியை நேராக்கப் பயன்படும் 'ரிலாக்ஸர்' க்ரீமில் இருக்கும் சோடியம் ஹைட்ராக்சைடு, ஓர் அலுமினிய கூல்டிரிங்க்ஸ் டின்னைக் கரைத்துச் சல்லடையாக்குவதை அதில் காட்டுவார்கள். பார்த்தால் பகீரென்று இருக்கும். 'பெண்கள் தலையில் ஒட்டிக்கொள்ளும் நீளமான நேர்முடியெல்லாம் எங்கிருந்து வருகிறது?' என்று தேடிக்கொண்டு அவர் வந்து நின்ற இடம் எது தெரியுமா? நம்ம திருப்பதி! நாம் வேண்டுதலுக்கு இறக்கிய முடி ஏலத்துக்குப் போய், சுத்தமாகி, லாஸ் ஏஞ்சல்ஸ் பார்லரில் யாரோ ஒருவருக்கு 'நல்ல முடி' ஆகிறது.

இவ்வளவும் தெரிந்த மனிதர்தான் அந்த மேடையில் அந்த ஜோக்கைச் சொன்னார். 

'முடிதானே... இதுல என்ன இருக்கு?' என்று கேட்பவர்களுக்காக இன்னும் கொஞ்சம் பின்னால் போகலாம்.

பச்சிலை வாசனை!

2015 பிப்ரவரி 22. ஆஸ்கர் ரெட் கார்ப்பெட். இன்று 'ஸ்பைடர்மேன்' படங்களின் எம்.ஜே-வாகவும், 'டியூன்' படத்தின் சானியாகவும் நமக்குத் தெரிந்த ஜெண்டேயாவுக்கு அப்போது 18 வயது. டிஸ்னி சேனல் தொடர்களில் நடித்துக்கொண்டிருந்த பொண்ணு. தோளை விட்டு இறங்கிய வெள்ளை சாட்டின் கவுன், விவியன் வெஸ்ட்வுட் டிசைன். தலையில் நீளமான 'லாக்ஸ்'. அதாவது, முடியைத் திரித்திரியாக, கயிறு மாதிரி சுருட்டி விடுகிற ஸ்டைல். 'ட்ரெட்லாக்ஸ்' என்று சொன்னால் பாப் மார்லி ஞாபகத்துக்கு வருவாரே, அதேதான்.

மறுநாள் 'ஈ!' சேனலின் 'ஃபேஷன் போலீஸ்' நிகழ்ச்சி. யார் என்ன டிரஸ் போட்டு வந்தார்கள், யார் சொதப்பினார்கள் என்று நான்கு பேர் உட்கார்ந்து கலாய்ப்பதுதான் அந்த நிகழ்ச்சியின் வேலையே. ஜெண்டேயா படம் திரையில் வந்ததும் தொகுப்பாளர் ஜூலியானா ரான்சிக், 'இந்தப் பெண்ணிடம் பச்சௌலி எண்ணெய் வாசம் அடிக்கும் போல... இல்லைன்னா கஞ்சா வாசம்' என்ற அர்த்தத்தில் ஒரு கமென்ட் அடித்தார். செட்டில் சிரிப்பு.

பச்சௌலி என்றால் ஒரு மூலிகைத் தைலம். அந்தச் சொல்லின் வேரே தமிழ்தான் என்கின்றன ஆங்கில அகராதிகள். பச்சிலை என்ற நம்முடைய சொல்லோடு வைத்துப் பாருங்கள்! 60-களின் ஹிப்பிகள் இதைப் பூசிக்கொண்டு திரிந்ததால், அமெரிக்காவில் 'பச்சௌலி வாசனை' என்றால் 'குளிக்காமல், கஞ்சா அடித்துக்கொண்டு திரிகிற கூட்டம்' என்ற உள்ளர்த்தம் ஒட்டிக்கொண்டது. பளபளவென்று வந்து நின்ற ஒரு 18 வயசுப் பொண்ணைப் பார்த்து, வெறும் தலைமுடியை வைத்துச் சொன்ன வார்த்தை அது.

ஜெண்டேயா பதில் எழுதினார். கோபத்தில் கத்தவில்லை. ஒரு பக்கத்துக்கு நிதானமாக எழுதினார். 'என் அப்பாவுக்கு இந்த முடிதான், என் அண்ணனுக்கு இந்த முடிதான், சின்ன வயசு தோழிக்கும் இந்த முடிதான்' என்று ஆரம்பித்து, லாக்ஸ் வைத்திருக்கிற ஒரு சினிமா இயக்குநர், எழுத்தாளர், ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் என்று அடுக்கிக்கொண்டே போனார். அந்த இயக்குநர், அதே ஆஸ்கரில் சிறந்த படத்துக்கான பரிந்துரையில் இருந்த 'செல்மா' படத்தை எடுத்த ஏவா டுவெர்னே. 'இவர்கள் யாரிடமும் கஞ்சா வாசம் அடிப்பதில்லை' என்பதுதான் சாரம்.

அப்புறம் நடந்ததெல்லாம் மளமளவென்று! ரான்சிக் முதலில் ட்விட்டரில் மன்னிப்புக் கேட்டார். அது எடுபடவில்லை. பிறகு டி.வி-யிலேயே வந்து கேட்டார். ஜெண்டேயா ஏற்றுக்கொண்டார். அதே நிகழ்ச்சியில் இருந்த கெல்லி ஆஸ்போர்ன் அந்த வாரமே விலகினார். இரண்டே வாரத்தில் கேத்தி கிரிஃபினும் கிளம்பிவிட்டார். நிகழ்ச்சிக்குச் சில மாதங்கள் பூட்டு. மேட்டல் நிறுவனம், அதே வெள்ளை கவுன், அதே லாக்ஸோடு ஜெண்டேயாவுக்கு ஒரு பார்பி பொம்மை செய்து கௌரவித்தது. 2020-ல் சிறந்த நடிகைக்கான எம்மி விருதை 24 வயதில் வாங்கினார் ஜெண்டேயா. ஒரு பெரிய நடிகையின் வாழ்க்கைக் கதையில் இது இப்போது ஒரு சின்ன, சந்தோஷமான அத்தியாயம்.

நான் எழுதிய கேப்ஷன்

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டிப்ளமோ முடித்து நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்தது ஓர் இணையதளத்தில். பெயர் வேண்டாம். அங்கே எனக்குக் கொடுத்த முதல் வேலைகளில் ஒன்று, 'ஆஸ்கரின் ஆல்டைம் சொதப்பல் லுக்ஸ்' என்று 20 படங்கள் கொண்ட ஒரு கேலரி. அதில் ஜெண்டேயாவின் அந்த 2015 படமும் இருந்தது. இந்தக் கதை எதுவும் தெரியாது எனக்கு. 'சாமியாரம்மா கெட்டப்பில் ஜெண்டேயா... தலைக்குக் குளிச்சு எத்தனை நாளாச்சோ?' என்று கேப்ஷன் போட்டேன். டெஸ்க்கில் எல்லோரும் சிரித்தார்கள். சீனியர் ஒருவர் "சூப்பர் கேப்ஷன்மா" என்றார். நானும் பூரித்துப்போனேன்.

இத்தனைக்கும் எனக்கே சுருட்டை முடி. ஸ்கூலில் 'சாய்பாபா', 'ஸ்பிரிங்', 'தேங்காய் நார்' என்று எல்லாப் பெயரும் வாங்கியவள். 'பிரேமம்' படத்தில் அனுபமா பரமேஸ்வரன் சுருட்டை முடியைப் பறக்கவிட்டு நடந்து வந்த பிறகுதான் கிளாஸ் பொண்ணுங்க "ஏய், உன் முடி க்யூட்டா இருக்குடி" என்றார்கள். அதுவரைக்கும் படியப் படிய எண்ணெய் வைத்து, ரிப்பன் கட்டி, ரெட்டை ஜடைதான். அப்படிப்பட்ட நானே, யாரோ ஒரு தொகுப்பாளர் மன்னிப்புக் கேட்ட ஜோக்கை, ஏழு கடல் தாண்டி, தமிழில், ஒன்றுமே தெரியாமல் மறுபடி எழுதியிருக்கிறேன்.

பட்டப்பெயரோடு முடிந்துபோனது என் கதை. அமெரிக்காவில் அது அப்படி முடிவதில்லை. நம்மூர்ப் பள்ளியில் ஜடை போடாமல் போனால்தான் டீச்சர் திட்டுவார். அங்கே ஜடை போட்டதற்காகவே வேலையில் பிரச்னை வந்திருக்கிறது.

ஏன் பின்னுகிறார்கள்?

நெருக்கமாகச் சுருண்ட முடியில், மண்டையில் சுரக்கும் எண்ணெய் நுனி வரைக்கும் இறங்காது. வளைவு வளைவாக இருப்பதால் வழியிலேயே நின்றுவிடும். அதனால் முடி சீக்கிரம் காய்ந்து உடையும். அதைக் காப்பாற்றத்தான் பின்னல். தலையோடு ஒட்டி வரப்பு மாதிரி வரிசை வரிசையாகப் பின்னினால் 'கார்ன்ரோ', சோளக்கொல்லை வரிசை என்று அர்த்தம். கட்டம் கட்டமாகப் பிரித்துத் தொங்கவிட்டுப் பின்னினால் 'பாக்ஸ் பிரெய்ட்ஸ்'. உட்கார்ந்தால் எழுந்திருக்க ஐந்தாறு மணி நேரம்கூட ஆகும். ஒருமுறை பின்னிவிட்டால் சில வாரங்களுக்குத் தாங்கும். அழகுக்காக மட்டும் இல்லை, தினசரி சௌகரியத்துக்கும்தான்.

இந்த முடிமீது அதிகாரத்தின் கை விழுந்தது இன்று நேற்றல்ல. 1786-ல், ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த லூசியானாவில், சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பினப் பெண்கள் தலையைத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும் என்று ஆளுநர் எஸ்டெபான் மிரோ உத்தரவு போட்டார். அவர்களுடைய தலை அலங்காரம் அவ்வளவு பேரின் கண்ணை உறுத்தியிருக்கிறது. அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்? மூடினார்கள். விதவிதமான வண்ணத் துணியில், நகை வைத்து, உயர உயரக் கட்டி மூடினார்கள். தண்டனையாக வந்த துணி ஊரின் ஃபேஷனாகிப்போனது. படித்தபோது விசிலடிக்கத் தோன்றியது எனக்கு!

போ டெரிக்கும் ஒரு நீதிபதியும்

இப்போது கிம் கர்தாஷியனுக்கு வருவோம். அவர் இல்லாமல் ஒரு கிசுகிசுக் கட்டுரையா?

2018 ஜனவரி. கிம், வெளுத்த தங்க நிற முடியில் கார்ன்ரோ பின்னி, நுனியில் மணி கோத்து போட்டோ போட்டார். 'போ டெரிக் பிரெய்ட்ஸ்' என்று அதற்குப் பெயரும் சொன்னார். இணையம் கொதித்துவிட்டது. போ டெரிக் ஒரு வெள்ளையின நடிகை. 1979-ல் வந்த '10' படத்தில், மணி கோத்த பின்னலோடு கடற்கரையில் ஓடிவருவார். அந்த ஒரு காட்சிக்குப் பிறகு பார்லர்களில் 'எனக்கும் போ டெரிக் மாதிரி' என்று கேட்டு வந்தார்கள். காலங்காலமாக ஆப்பிரிக்கப் பெண்கள் பின்னிய பின்னலுக்கு ஒரே படத்தில் புதுப் பெயர் வந்துவிட்டது.

'சரி, பேர்ல என்ன இருக்கு? யாரு வேணா என்ன ஸ்டைல் வேணா பண்ணலாமே!' என்று கமென்ட் பாக்ஸில் சண்டை போட்டவர்கள் நிறைய. நானும் அப்படித்தான் நினைத்தேன், 1981-ல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று கொடுத்த தீர்ப்பைப் பற்றிப் படிக்கிற வரைக்கும்.

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தில் சுமார் 11 ஆண்டுகளாக வேலை பார்த்துவந்த ஒரு கறுப்பினப் பெண். பயணிகளை வரவேற்று, டிக்கெட் பார்த்து அனுப்புகிற ஏர்போர்ட் வேலை. 1980-ல் அவர் கார்ன்ரோ பின்னலோடு வேலைக்கு வந்தார். முழுத் தலையையும் பின்னக் கூடாது என்பது கம்பெனி விதி. அவர் வழக்குப் போட்டார். 'இது கறுப்பினப் பெண்களின் பண்பாட்டோடும் வரலாற்றோடும் சேர்ந்தது. நடிகை சிசிலி டைசன் ஆஸ்கர் விழாவிலேயே இந்தப் பின்னலோடு வந்தாரே' என்பது அவர் தரப்பு வாதம்.

விமான நிறுவனம் எதை எடுத்து நீட்டியது தெரியுமா? '10' படத்தை! 'ஒரு வெள்ளையின நடிகை பிரபலமாக்கிய பிறகுதானே இவர் இந்தப் பின்னலோடு வந்தார்' என்றது. தீர்ப்பிலும் அது இடம்பிடித்தது. ஆஃப்ரோ முடி இயற்கையாக வளர்வது, அதைத் தடை செய்தால் இனப்பாகுபாடு என்று சொல்ல வாய்ப்புண்டு. பின்னல் என்பது செய்துகொள்வது, வேண்டாமென்றால் மாற்றிக்கொள்ளலாம் என்கிற ரீதியில் போனது நீதிபதியின் பார்வை. பின்னல் விதி இனப்பாகுபாடு என்ற வாதம் தோற்றது.

வேலை நேரத்தில் பின்னலைக் கொண்டையாகச் சுருட்டி, மேலே சவுரிமுடி வைத்து மறைத்துக்கொள்ளலாம் என்பது கம்பெனி கொடுத்த வழி. அவரும் வைத்துப் பார்த்தார். கடுமையான தலைவலி வருகிறது என்று நீதிமன்றத்தில் சொன்னார். 'அப்படியானால் இன்னும் கொஞ்சம் பெரிய சவுரி தேவைபோல' என்கிற தொனியில் ஒரு வரி இருக்கிறது அந்தத் தீர்ப்பில். இரண்டு முறை படித்துப் பார்த்தேன். கிண்டலா, அக்கறையா என்று சொல்லத் தெரியவில்லை.

ஒரு நடிகை கடற்கரையில் ஓடிய காட்சி, அவருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பெண்ணின் வேலை வழக்கில் எதிர்த்தரப்புச் சாட்சி மாதிரி வந்து நின்றிருக்கிறது. போ டெரிக்மீது தப்பு சொல்ல முடியாது. அவர் நடித்தார், அவ்வளவுதான். ஆனால், 'போ டெரிக் பிரெய்ட்ஸ்' என்று கிம் சொன்னபோது ஏன் அத்தனை பேருக்குச் சுருக்கென்றது என்பது இதைப் படித்தபிறகு எனக்குப் புரிந்தது. அந்தப் பெயர் ஏற்கெனவே ஒரு முறை கோர்ட் படியேறிவிட்டு வந்த பெயர்.

அழிக்கப்பட்ட கிரீடம்

பாராட்டிப் படம் போடுகிற பத்திரிகைகளும் சும்மா இல்லை. 2017 அக்டோபரில் லண்டனின் 'ஈவ்னிங் ஸ்டாண்டர்ட்' இதழ், பாடகி சொலாஞ்சை அட்டைப்படத்தில் போட்டது. பியான்சேவின் தங்கை. தலைக்கு மேலே வட்டமாக, கிரீடம் மாதிரி பின்னி போஸ் கொடுத்திருந்தார். அச்சில் வந்த அட்டையில் அந்தக் கிரீடத்தைக் காணோம். கம்ப்யூட்டரில் அழித்துவிட்டார்கள். உள்ளே இருந்த பேட்டியில், பின்னல் ஒரு கலை என்று அவர் பேசியிருந்தார் என்பதுதான் வேடிக்கை. அவருடைய அம்மா ஹூஸ்டனில் பார்லர் நடத்தியவர். போதாததற்கு, 'என் முடியைத் தொடாதே' என்ற அர்த்தத்தில் தலைப்பு வைத்து ஒரு பாட்டே 2016-ல் வெளியிட்டிருந்தார் சொலாஞ்ச்! அந்தத் தலைப்பின் முதல் எழுத்துகளை மட்டும் போட்டு, அழிக்காத ஒரிஜினல் படத்தை இன்ஸ்டாகிராமில் பதிவிட்டார். இதழ் மன்னிப்புக் கேட்டது.

அடுத்த மாதமே 'கிராசியா' பத்திரிகையின் பிரிட்டன் பதிப்பில் லுபிடா நியாங்கோ. பின்னால் சேர்த்துக் கட்டிய சுருள் முடி அட்டைப்படத்தில் மறைந்து, தலை வழவழவென்று இருந்தது. ஆஸ்கர் வாங்கிய நடிகை. அவரையே, 'நீங்க அழகுதான், ஆனா இந்த முடி மட்டும் வேணாம்' என்றிருக்கிறார்கள். போட்டோகிராபர் மன்னிப்புக் கேட்டார், பத்திரிகையும் கேட்டது. அழித்தது தாங்கள் அல்ல என்றும் சொல்லிக்கொண்டது.

இதற்கு முந்தைய வருடம்தான் நியூயார்க் ஃபேஷன் வீக்கில் மார்க் ஜேக்கப்ஸ், கம்பளி நூலில் கலர் கலராக லாக்ஸ் செய்து ஜிஜி ஹடீத், கெண்டல் ஜென்னர் போன்றவர்களின் தலையில் வைத்து நடக்கவிட்டிருந்தார். அங்கே அது புதுமை. அதே திரி, ஜெண்டேயா தலையில் கஞ்சா வாசனை. 'கறுப்பினப் பெண்கள் முடியை நேராக்கிக்கொள்ளும்போது யாரும் கேட்பதில்லையே' என்று மார்க் ஜேக்கப்ஸ் திருப்பிக் கேட்டார். அப்புறம் அவரும் மன்னிப்புக் கேட்டார். இந்தக் கட்டுரையில் மன்னிப்புக் கேட்காதவர்களை எண்ணிவிடலாம் போல!

மார்க் ஜேக்கப்ஸின் கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். ஆனால், நேராக்கிக்கொள்ளாவிட்டால் வேலை போகும் என்ற நிலையில் நேராக்குவதும், ஒரு ஷோவுக்காகத் திரி வைத்துக்கொண்டு சாயங்காலம் கழற்றிவிடுவதும் ஒன்றா?

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி ஒன்று டி.வி தொடரில் இருக்கிறது. 'ஹௌ டு கெட் அவே வித் மர்டர்', 2014. ஊரையே மிரட்டும் வக்கீலாக வயோலா டேவிஸ். ராத்திரி கண்ணாடி முன் உட்கார்ந்து விக்கைக் கழற்றுவார். ஒட்டு இமையைப் பிரிப்பார். மேக்கப்பைத் துடைப்பார். உள்ளே குட்டையாக, தலையோடு ஒட்டிய அவருடைய சொந்த முடி. வசனம் வேண்டியிருக்கவில்லை. அந்தக் காட்சி வேண்டும் என்று கேட்டு வாங்கியவரே வயோலாதான். அடுத்த ஆண்டு, டிராமா பிரிவில் சிறந்த நடிகைக்கான எம்மி வாங்கிய முதல் கறுப்பினப் பெண் ஆனார்.

கேமராவுக்குப் பின்னாலும் மாற்றம் மெதுவாகத்தான் வந்திருக்கிறது. இந்த முடியைக் கையாளத் தெரிந்த ஸ்டைலிஸ்ட்டே செட்டில் இருக்க மாட்டார், நாங்களே வீட்டில் சீவிக்கொண்டு வருவோம் என்று பல நடிகைகள் சொல்லியிருக்கிறார்கள். மேக்கப் மற்றும் தலை அலங்காரத்துக்கான ஆஸ்கரைக் கறுப்பினப் பெண்கள் முதன்முதலாக வாங்கியது 2021-ல்தான். வாங்கியவர்கள் மியா நீல், ஜமீகா வில்சன். அதுவும் வயோலா நடித்த படத்துக்கு.

ஜடைக்கு ஒரு சட்டம்!

ஜெண்டேயா சம்பவத்துக்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 2019 ஜூலையில் கலிபோர்னியாவில் ஒரு சட்டம் வந்தது. 'கிரவுன் சட்டம்' என்று பெயர். கிரீடம்! பின்னல், லாக்ஸ், ஆஃப்ரோ போன்ற இயல்பான முடி அலங்காரத்துக்காக வேலையிலோ பள்ளியிலோ பாகுபாடு காட்டக் கூடாது என்பதுதான் அதன் சாரம். தொடர்ந்து நியூயார்க், நியூ ஜெர்சி என்று வந்து, இன்று இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. நாடு முழுவதற்குமான சட்டம் 2022-ல் கீழவையில் நிறைவேறியது. செனட்டில் நின்றுவிட்டது.

இதற்கு முன்னால் ராணுவத்திலும் இதே பஞ்சாயத்து நடந்தது. 2014-ல் அமெரிக்க ராணுவம் சில வகைப் பின்னல்களைத் தடை செய்ய, பெண் வீரர்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். சில மாதங்களில் தளர்த்தினார்கள். லாக்ஸுக்கு அனுமதி கிடைக்க 2017 ஆகிவிட்டது.

சட்டம் வந்தபிறகு எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், டெக்சாஸைப் பாருங்கள். 2023 செப்டம்பரில் அங்கே கிரவுன் சட்டம் அமலுக்கு வந்த அதே சமயத்தில், ஒரு பள்ளி மாணவனை லாக்ஸுக்காக வகுப்பில் உட்காரவிடாமல் தனியே உட்கார வைத்தார்கள். அந்தக் கல்வியாண்டின் பெரும்பகுதி அப்படியே கழிந்தது. அந்தப் பள்ளி மாவட்டத்தின் பெயர் 'பார்பர்ஸ் ஹில்'. நான் கற்பனை செய்யவில்லை, பெயரே அதுதான்! 'ஸ்டைலுக்காக இல்லை, நீளத்துக்காகத்தான் நடவடிக்கை. பையன்களின் முடி காதுக்குக் கீழே வரக் கூடாது' என்றது பள்ளி நிர்வாகம். அவன் லாக்ஸைத் தூக்கித் தலைக்கு மேல் முடிந்துதான் வைத்திருந்தான். 'அவிழ்த்துவிட்டால் நீளம்தானே' என்றார்கள். 2024 பிப்ரவரியில் நீதிபதியும் பள்ளி விதி செல்லும் என்று சொல்லிவிட்டார். சட்டத்தில் ஸ்டைல் என்று இருக்கிறது, நீளம் என்று இல்லை.

1981-ல் 'செய்துகொண்டது, மாற்றிக்கொள்ளலாம்'. 2024-ல் 'நீளம், வெட்டிக்கொள்ளலாம்'.

அந்தப் பையனுக்கு பார்பி பொம்மை வரவில்லை. ஜெண்டேயா ஒரு பக்கம் எழுதினால் உலகம் படிக்கிறது, டி.வி-யில் மன்னிப்பு வருகிறது. கவுன்ட்டரில் நிற்கிற பெண்ணும் கடைசி பெஞ்ச் பையனும் எழுதினால் அது மனுவாகத்தான் போய்ச் சேர்கிறது.

இந்தக் கட்டுரைக்காகத் தேடிக்கொண்டிருந்தபோது, என் பழைய கேலரியும் தேடலில் வந்தது. 20 படங்களும், கேப்ஷன்களும் அப்படியே இருக்கின்றன. அங்கே இன்னமும் வேலை பார்க்கும் அந்த சீனியருக்கு போன் பண்ணினேன். "அண்ணா, 14-வது படத்தோட கேப்ஷனை மட்டும் எடுத்துட முடியுமா?" என்றேன். "அது இன்னும் நல்லா ஓடிட்டு இருக்குமா" என்றார். விஷயத்தைச் சொன்னேன். ஜெண்டேயா, ஃபேஷன் போலீஸ், ஏர்போர்ட் வழக்கு வரைக்கும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "சரி, சரி, எடிட்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றார்.

நேற்றுப் பார்த்தேன். கேள்விக்குறியை மட்டும் எடுத்திருக்கிறார்கள்.